சத்தமில்லாத பாண் வண்டி

கோதுமை மா இல்லை. பால் இல்லை.
மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்த்தோம்.
ஆரூரன் வாயில் வைப்பது மொத்தம் ஐந்து:
பாண், கரை வெட்டின நடு வெள்ளை மட்டும்.
மாரி விசுக்கோத்து, உடையாதது.
பால்மாத் தேத்தண்ணி, நீலப் பேணியில்.
வெறுஞ்சோறு.
நீட்டாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு.
ஐந்தில் மூன்று போயிற்று.

ஸ்கார்புறோவிலிருந்து மச்சாள் சொன்னாள்,
அங்கே ஒரு பிள்ளை மூன்று மாதத்தில்
கதைக்கத் தொடங்கிவிட்டதாம்.
பெரியாஸ்பத்திரி டொக்டர்
"பெரிசா ஆதாரம் இல்லை" என்றார்.
வதனியின் முகத்தைப் பார்த்துவிட்டு
"செய்யிறதெண்டால் நிறையை மட்டும் விடாதேங்கோ."

வதனி ஒரு கொப்பிக்கு உறை போட்டாள்.
நாள், சாப்பாடு, வயிறு, நித்திரை, நிறை.
கடைசியில் "சொல்" என்று ஒரு நிரல்.
அதை மட்டும் அகலமாக விட்டிருந்தாள்.

ஒடியல் மாவில் ரொட்டி சுட்டேன்.
மணந்து பார்த்து மேசைக்குக் கீழே வைத்தான்.
குரக்கன், சுவரில்.
அரிசி மாவில் பாண் மாதிரி ஒன்று,
செங்கல் என்று நானே சொன்னேன்.
தேங்காய்ப்பால் தேத்தண்ணியைப்
பேணியோடு கிணற்றில் போட்டான்.
பாதாளக்கரண்டி இரவல் வாங்கி
அரை நாள் துழாவினேன்.
வேறு நீலம் அவனுக்கு நீலம் இல்லை.

கோயிலில் நீட்டிய மோதகத்தைக்
கையால் மறித்தேன்.
"பிள்ளையைப் பட்டினி போடுகினம்" என்று
பின்னால் யாரோ
எனக்குக் கேட்கத்தக்கதாய் மெல்லச் சொன்னார்.

ஆனால் நாலு பத்துக்கு
பாண் ஓட்டோ வரும்.
குளப்பிட்டிச் சந்தியில் திரும்பும்போதே
அந்தப் பாட்டு இவன் காதுக்கு வந்துவிடும்.
படலையில் நெற்றியை அடிப்பான்.
மூன்றாம் நாள் வீக்கத்தோடு
யூட்டிடம் போய்க் கேட்டேன்,
எங்கட ஒழுங்கைக்குள்ள பாட்டை நிப்பாட்டுவியளோ.
ஏனென்று கேட்கவில்லை.
அடுத்த நாள் தொடக்கம்
சந்தியிலேயே பாட்டை நிறுத்தி
எஞ்சினையும் நிறுத்தி
இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்,
எங்கள் வேலி முடியும்வரைக்கும்.

நாலு பத்துக்கு
ஆரூரன் படலையில் நின்றான்.
அடிக்கவில்லை. நின்றான்.
பாட்டு உள்ளே ஓடியிருக்கும்.

வதனிக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று.
கடை பூட்டி வரும் வழியில்
பேக்கரியின் பின் வாங்கில் இருந்து
கால் றாத்தல் பாணும் சம்பலும்
கள்ளுக் குடிக்கிறவன் மாதிரித்
தெருவைப் பார்த்துப் பார்த்துத் தின்பேன்.
வாய் கொப்பளித்து, கையை மணந்து பார்த்து,
பிறகுதான் வீடு.

நாற்பத்தோராம் நாள்.
செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.
ஓடி வந்து
என் நெஞ்சில் முகத்தை வைத்தான்.
தொட்டால் சுருங்குகிற பிள்ளை,
ஏழு வருஷத்தில் முதல் தரம்.
மூச்சை அசைக்காமல் நின்றேன்.
வதனியைக் கூப்பிடவும் பயம்.
அவன் விரலை நாக்கில் நனைத்து
என் சட்டைப்பைத் தையலுக்குள்ளிருந்து
ஒரு துணிக்கையை எடுத்தான்.
வாயில் வைத்துக் கண்ணை மூடினான்.
பிறகு
மற்றப் பக்கத்திலும் பை இருக்கிறதா என்று பார்த்தான்.

அன்று கொப்பியை நான்தான் எழுதினேன்.
சாப்பாடு: சோறு, கிழங்கு,
பாண் ஒரு துணிக்கை, அப்பாவின் சட்டையிலிருந்து.
நிறை: பதினாறு எண்ணூறு.
முதல் பக்கத்தில் பதினெட்டு.
அகலமான அந்த நிரலில்
பேனையை வைத்தபடி இருந்தேன்,
மை ஊறிப் பொட்டாகும்வரை.

வதனி தோளுக்கு மேலால் வாசித்தாள்.
இரண்டு தரம் வாசித்தாள்.
"எந்தப் பேக்கரி?" என்றாள்.
கன நேரம் கழித்து,
விளக்கை நூர்த்த பிறகு,
"எனக்கும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம்."